தாழ்த்திய வோக்ஸ்வேகன் வேனில் முன் பிரேக் ஹோஸ்களின் பாதையை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வோக்ஸ்வேகன் டைப் 2 வேனின் முன்பக்கத்தைத் தாழ்த்தியவர்களும் தாழ்த்த எண்ணுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. 1967 ஆகஸ்டில் தொடங்கி 1979 வரை ஜெர்மனியில் தயாரான ‘பே விண்டோ’ வகையை முன்வைத்தே எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த ‘ஸ்பிளிட் ஸ்கிரீன்’ வண்டிகள் வேறுபடும் இடத்தைத் தனியே குறித்துள்ளேன். தயாரான ஆண்டையும் விற்கப்பட்ட நாட்டையும் பொறுத்துச் சிறு பாகங்களின் இடம் மாறக்கூடும் என்பதால், எந்த அளவையும் உங்கள் வண்டியிலேயே எடுத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டியைத் தாழ்த்துவது சஸ்பென்ஷன் வேலைதானே, பிரேக் ஹோஸை ஏன் தொட வேண்டும்?

உடலோடு அசையாமல் நிற்கும் உலோகப் பைப்பையும், சக்கரத்தோடு மேலும் கீழும் ஏறி இறங்கி ஸ்டியரிங்குக்கு ஏற்பத் திரும்பும், பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் இணைப்பது அந்த ஒரு துண்டு ரப்பர் ஹோஸ்தான். அதன் நீளம், வளைவு, இரு முனைகளும் நோக்கும் திசை ஆகிய மூன்றையும் தொழிற்சாலை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கும் வண்டிக்காகவே வகுத்தது. சக்கரம் உடலை நோக்கி 60 அல்லது 80 மி.மீ. மேலேறி நிலையாக நின்றுவிட்டால் அந்த வகுப்பு குலைந்துவிடுகிறது. முன்பு பள்ளத்தில் விழும்போது மட்டும் ஒரு கணம் தோன்றி மறைந்த நிலை, இப்போது நாள் முழுவதும் ஓடும் நிலையாகிவிடுகிறது.

இதன் விளைவு சிறியதல்ல. பே விண்டோ வண்டிகளில் இரட்டைச் சுற்று பிரேக் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று எனப் பிரிக்கப்பட்டது. முன் ஹோஸ் ஒன்று கிழிந்தால் இரண்டு முன் பிரேக்குகளும் போய், பின் டிரம்கள் மட்டுமே மிஞ்சும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால், அந்த நேரத்தில் பின் டிரம்கள் தரும் பிடிப்பு அவ்வளவு பெரிதாக இருக்காது.

எந்த முறையில் தாழ்த்தினேன் என்பதைப் பொறுத்து ஹோஸின் சிக்கல் மாறுமா?

கட்டாயம் மாறும். இந்த வேனின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் இரண்டு உருளைக் குழாய்களைக் கொண்ட பீமும், அவற்றுக்குள் முறுக்கேறும் எஃகுத் தகட்டுக் கட்டுகளும், பீமிலிருந்து பின்னோக்கி நீளும் கைகளும், கைகளின் நுனியில் பால் ஜாயின்ட் எனும் உருண்டை மூட்டு வழியாகப் பொருந்தி, சக்கர அச்சைத் தாங்கும் ஸ்பிண்டிலும்தான் அதன் அமைப்பு. இதைத் தாழ்த்தப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில் பீமின் நடுப்பகுதியை வெட்டி, தகட்டுக் கட்டின் நடுப்பிடியைத் திருப்பி நிறுத்தும் அட்ஜஸ்டரைப் பற்றவைப்பார்கள். இங்கே கைகளே மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. கை பீமை மையமாகக் கொண்டு வட்டப் பாதையில் சுழல்வதால், சக்கரம் மேலேறுவதோடு கிடைமட்ட நிலையைத் தாண்டியதும் சற்று முன்னோக்கியும் வருகிறது. ஆகவே ஹோஸின் கீழ்முனை மேல்முனையை இரண்டு திசைகளில் நெருங்குகிறது.

இரண்டாவது வழியில் கைகள் பழைய கோணத்திலேயே இருக்க, சக்கர அச்சு மட்டும் உயரத்தில் அமைந்த வேறு ஸ்பிண்டிலைப் பொருத்துவார்கள். இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 63 மி.மீ. உயர்த்திய ஸ்பிண்டில்கள் பரவலாகக் கிடைக்கின்றன. சஸ்பென்ஷனின் அசைவு வரம்பு இதில் கெடுவதில்லை. ஆனால் அச்சோடு சேர்ந்து காலிப்பரும் மேலேறுவதால், ஹோஸின் கீழ்முனை எல்லா நிலைகளிலும் பழைய இடத்தைவிட உயரத்தில் இருக்கும். சில ஸ்பிண்டில்களில் ஹோஸைத் தாங்கும் சிறு காது வார்க்கப்படாமல் விடப்பட்டிருக்கும். அதை வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்விரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும், பீமைக் குறுக்கிச் சக்கரத்தை உள்ளே தள்ளியவர்களும் உண்டு. குறுக்கிய பீமில் டயர் உள்ளே வருகிறது. உடலில் இருக்கும் பைப்போ தன் இடத்திலேயே நிற்கிறது. ஹோஸுக்கு மிகவும் நெருக்கடி தருவது இந்தச் சேர்க்கைதான். தகடுகளில் சிலவற்றை உருவி எடுத்துத் தாழ்த்தும் பழக்கத்தை நான் இங்கே ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. ஸ்பிரிங் தளர்ந்த வண்டி ஒவ்வொரு மேட்டிலும் முட்டும்வரை அமுங்கும் என்பதால், அதில் எந்த ஹோஸ் பாதையையும் நம்ப முடியாது.

வண்டி தாழ்ந்ததும் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடுமோ?

பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். வண்டியைத் தாழ்த்தினால் சக்கரம் ஹோஸின் மேல்முனையை நெருங்குகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலும், அட்ஜஸ்டர் வைத்த பீமில் அது முன்பு தொங்கிய அளவுக்குக் கீழே போவதில்லை. குட்டையான ஷாக் அப்சார்பர் போட்டிருந்தால் இன்னும் குறைவாகவே தொங்கும். எனவே ஹோஸ் எந்த நிலையிலும் தேவைக்கு மேல் நீளமாகிறது. மிஞ்சிய நீளம் ஏதாவது ஒரு பக்கம் வளையமாகப் பிதுங்க வேண்டும். அது வெளிப்பக்கம் பிதுங்கினால் டயரின் உட்சுவரிலும், உட்பக்கம் பிதுங்கினால் ஷாக் அப்சார்பர் கோபுரத்திலும், கீழே தொய்ந்தால் கீழ்க்கைகளை இணைக்கும் ஆன்டி ரோல் கம்பியிலும் உரசும்.

ஹோஸ் இழுபடும் நிலையும் வரலாம். உடல் பக்கத்து பிராக்கெட்டை யோசிக்காமல் உயரத்தில் மாற்றிவைத்தவர்களுக்கும், காலிப்பர் அச்சின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாறும் பிரேக் தொகுப்பைப் பொருத்தியவர்களுக்கும் அது நேர்கிறது.

அப்படியானால் குட்டையான ஹோஸ் ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்ததா?

தீராது. ஹோஸின் நீளம் கடைசியாகத் தீர்மானிக்கப்பட வேண்டியது. முதலில் தீர்மானிக்க வேண்டியவை மேல்முனை நிற்கும் இடமும் அது நோக்கும் திசையும்தான். மேல்முனையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு ஹோஸை மட்டும் குறுக்கினால், வண்டி நிற்கும்போது அழகாகத் தோன்றும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் நுனியில் உள்ள உலோக வளையத்தின் வாயில் ஹோஸ் கூர்மையாக மடங்கி நிற்கும். உரசலைவிட இது ஆபத்தானது. உரசல் வெளியே தெரியும் தடத்தை விடுகிறது. வளையத்தின் வாயில் நடக்கும் சோர்வு உள்ளுறையைக் கிழிக்கும்வரை கண்ணில் படாது.

அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதியின் 106ஆம் தரம் பிரேக் ஹோஸைத் தொடர்ந்து 35 மணி நேரம் சுழற்றி ஆட்டும் சோதனைக்கும், சதுர அங்குலத்துக்கு 4,000 பவுண்டு அழுத்தத்தை 2 நிமிடம் தாங்கும் சோதனைக்கும் உட்படுத்தக் கேட்கிறது. அத்தகைய ஹோஸ் உறுதியானதே. ஆனால் அந்த உறுதி முழு நீளத்திலும் பரவலாக வளையும் ஹோஸுக்கு உரியது. ஒரே புள்ளியில் மடங்கும் ஹோஸுக்கு அதை எதிர்பார்க்கக் கூடாது.

எங்கே உரசுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வேலையில் நேரம் செலவிடத் தகுந்த பகுதி இதுவே. பிறகு வரும் அனைத்தும் இதில் கிடைக்கும் தகவலை நம்பியே நடக்கின்றன.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சட்டகத்தின் அடியில் ஆக்சில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். பீமின் அடியில் வைக்காதீர்கள், ஏனெனில் அசைவைப் பார்க்க பீமைச் சுற்றிலும் இடம் வேண்டும். நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் சக்கரமும் டயரும் பொருத்தியிருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ‘போதுமான இடம் இருக்கிறது’ என்று முடிவு செய்வது இந்த வேலையில் அடிக்கடி காணப்படும் தவறு.

இனி மூன்று உயரங்களில் பாருங்கள்: சக்கரம் முழுவதும் தொங்கும் நிலை, வண்டி நிற்கும் சாதாரண நிலை, முட்டு ரப்பரைத் தொடும்வரை மேலேறிய நிலை. ஒவ்வோர் உயரத்திலும் ஸ்டியரிங்கை இடது கோடியிலும் நடுவிலும் வலது கோடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆக ஒரு சக்கரத்துக்கு ஒன்பது நிலைகள். கைகளை உயர்த்த, ஜாக்கியைக் கீழ்ப் பால் ஜாயின்டுக்கு அருகே வைத்து மெதுவாக ஏற்றுங்கள். முறுக்குத் தகடுகளின் எதிர்ப்பு வலுவானது என்பதால் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்குவதற்கு முன்பே வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பக்கூடும். எழும்பத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். மீதித் தூரத்தை முட்டு ரப்பருக்கும் கைக்கும் இடையே அளந்து மனத்தில் கூட்டிக்கொள்ளலாம். தூக்கிய வண்டியின் அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை விடாதீர்கள்.

திசை குறித்து ஒரு நுணுக்கம் உண்டு. இடது சக்கரத்தை இடப்புறம் ஒடித்தால் டயரின் பின்பாதி உள்ளே வரும். வலப்புறம் ஒடித்தால் முன்பாதி உள்ளே வரும். ஹோஸ் அச்சுக்கு முன்னே செல்கிறதா பின்னே செல்கிறதா என்பதைக் கவனித்தால், எந்தக் கோடியில் ஆபத்து என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வலது சக்கரத்துக்கு இது தலைகீழ்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. ஹோஸின் மேல் சாக்குக்கட்டியைத் தடவிவிட்டு ஒன்பது நிலைகளையும் சுற்றிவந்தால், தொட்ட இடங்களில் வெண்தடம் பதிந்திருக்கும். ஏற்கெனவே சில காலம் ஓடிய வண்டியானால் டயரின் உட்சுவரைத் துடைத்துப் பாருங்கள்: சுற்றிலும் மெருகேறியது போன்ற ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் ஹோஸ் அங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹோஸின் பக்கத்தில் அதே உயரத்தில் தோல் தேய்ந்து மங்கியிருக்கும். விரல் நுனியால் தடவினால் அந்த இடம் மட்டும் வழுவழுப்பாக, சற்றுத் தட்டையாகப் படும்.

புதிய பாதையைத் தீர்மானிக்க ஏதாவது விதி உண்டா?

நான் கடைப்பிடிப்பது ஒன்றே: ஹோஸ் சக்கரம் திரும்பும் அச்சுக்கு எவ்வளவு அருகில் செல்கிறதோ அவ்வளவு நல்லது. பே விண்டோவில் அந்த அச்சு மேல், கீழ் பால் ஜாயின்டுகளின் மையங்களை இணைக்கும் கற்பனைக் கோடு.

கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஹோஸ் சக்கரப் பக்கம் பிடிக்கப்படும் புள்ளி அந்தக் கோட்டிலிருந்து 120 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். சக்கரம் 30 பாகை திரும்பினால் அந்தப் புள்ளி ஏறக்குறைய 62 மி.மீ. இடம் மாறும். அதே பிடிப்பை 60 மி.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் இடமாற்றம் 31 மி.மீ. ஆகப் பாதியாகிறது. இடமாற்றம் குறையக் குறைய, ஹோஸில் விட்டுவைக்க வேண்டிய உபரி நீளமும் குறைகிறது. உபரி குறைந்தால் அது டயர் பக்கம் பிதுங்கும் வாய்ப்பும் குறைகிறது. காலிப்பரின் துளையை நகர்த்த முடியாது என்றாலும், அங்கிருந்து ஒரு குட்டை உலோகப் பைப்பை ஸ்பிண்டிலில் பொருத்திய பிராக்கெட் வரை கொண்டுவந்து, ஹோஸை அங்கிருந்து தொடங்கினால் பயனுள்ள தொலைவு குறைந்துவிடும்.

அடுத்து, வளைவு ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மேல்முனை முன்னோக்கியும் கீழ்முனை பக்கவாட்டிலும் பார்த்தால் ஹோஸ் வளைவதோடு முறுக்கவும் செய்கிறது. வளைவதை அது தாங்கும்; முறுக்கைத் தாங்காது. இரு முனைகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் நோக்குமாறு பிராக்கெட்டைத் திருப்பினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுவதைப் பல வண்டிகளில் காணலாம்.

அசையும் எந்தப் பாகத்துக்கும் ஹோஸுக்கும் இடையே, மிக மோசமான நிலையிலும் 20 மி.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பது என் வரம்பு. டயர் சுழலும்போதும் வளைவில் பக்கவாட்டில் நெளியும்போதும், நின்ற வண்டியில் எடுத்த அளவு அப்படியே நிற்பதில்லை.

சரியான நீளத்தை வாங்குவதற்கு முன்பே எப்படி அறிவது?

கழற்றிய பழைய ஹோஸ் இருந்தால் அதையே மாதிரியாக வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஏறக்குறைய அதே தடிமனும் விறைப்பும் உள்ள ரப்பர் குழாயைத் தற்காலிகமாகக் கட்டி ஒன்பது நிலைகளையும் சுற்றுங்கள். நூலோ கம்பியோ நேர்த்தூரத்தைத்தான் காட்டும். வளைய மறுக்கும் ஹோஸின் குணத்தைக் காட்டாது. மிக விரிந்த நிலையிலும் ஹோஸ் இறுகாமல் மெல்லிய வளைவோடு இருக்கும் நீளமே சரியான நீளம். வாங்கும்போது முனை உலோகப் பகுதிகளைச் சேர்த்த மொத்த நீளத்தைக் கேட்கிறார்களா, சேர்க்காத நீளத்தையா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வளையாத அந்த உலோகப் பகுதிகள் இரண்டும் சேர்ந்து கணிசமான நீளத்தை எடுத்துக்கொள்ளும்.

புதிய பிராக்கெட்டை எப்படிச் செய்து பொருத்துவது?

3 மி.மீ. எஃகுத் தகடு போதும். ஹோஸ் முனை நுழையும் துளையை வெறும் வட்டமாக விடாமல், அந்த முனையின் அறுகோணத்தையோ தட்டைப் பக்கத்தையோ பிடித்துக்கொள்ளும் வடிவில் அராவ வேண்டும்; இல்லாவிட்டால் பைப்பை இறுக்கும்போது ஹோஸும் சேர்ந்து சுழலும். முனையைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் கிளிப் உள்ளே தட்டி ஏறும்போது இறுக்கமாக இருக்க வேண்டும். கையால் இழுத்தால் வரும் கிளிப் பயனற்றது.

பிராக்கெட்டைச் சட்டகத்திலோ ஷாக் அப்சார்பர் கோபுரத்தின் தடித்த தகட்டிலோ அமைக்கலாம். பீமின் உருளைக் குழாயில் துளை போடக் கூடாது. உள்ளே முறுக்குத் தகடுகளும், கைகள் சுழலும் தாங்கிகளும், அவற்றுக்கான கிரீஸும் உள்ளன. பற்றவைப்பதானால் பிரேக் பைப்புகளையும் ஹோஸையும் முழுவதும் கழற்றி அகற்றிவிட்டு, பேட்டரியைத் துண்டித்த பிறகே செய்ய வேண்டும். சிந்திய பிரேக் ஆயிலும் தீப்பிடிக்கும். முதலில் போல்ட் வைத்துத் தற்காலிகமாகப் பொருத்தி ஒன்பது நிலைகளையும் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே நிரந்தரமாக்குங்கள். வர்ணம் பூசும்போது துளையின் உள்விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். துரு முதலில் தொடங்குவது அங்கேதான்.

உலோகப் பைப்பை நீட்டவோ மாற்றவோ வேண்டியிருந்தால் கவனிக்க வேண்டியவை என்ன?

பிராக்கெட் நகர்ந்தால் பைப்பும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். பழையதை இழுத்து வளைத்துச் சமாளிக்கக் கூடாது. 4.75 மி.மீ. வெளிவிட்டமுள்ள செம்பு நிக்கல் கலப்பு பைப் கையால் வளைக்க இணக்கமானது, துருவும் ஏறாது. தூய செம்பு அதிர்வில் இறுகி வெடிப்பு விடக்கூடியது என்பதால் அதைத் தவிர்ப்பேன்.

இங்கே பலர் சிக்கும் ஓர் இடம் மரை. வோக்ஸ்வேகனில் பிரேக் பைப் நட்டின் மரை எம் 10 × 1, அதாவது 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடைத் தூரமும். அமெரிக்க, பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்காக விற்கப்படும் ஹோஸ்களில் 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 புரிகள் கொண்ட மரை பரவலாக இருக்கும். அது 9.53 மி.மீ. விட்டமும் 1.06 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்டது. அந்த நட்டு வோக்ஸ்வேகன் துளையில் முதல் சில சுற்றுகள் எந்தத் தடையும் இல்லாமல் ஏறிவிடும், லேசாக ஆடும். ஆடுகிறதே என்று இன்னும் இறுக்குவோர் உண்டு. பிடித்தது போல் தோன்றும் அந்த இணைப்பு, பெடலைப் பலமாக மிதிக்கும் நாளில் மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். நட்டு முழு நீளத்துக்கும் கையாலேயே ஆட்டமில்லாமல் ஏற வேண்டும் என்பதே சோதனை.

மரைக்கு அடுத்தது பைப் நுனியின் வடிவம். வோக்ஸ்வேகனுக்கு உரியது குமிழ் வடிவ ஜெர்மன் நுனி. அமெரிக்க வண்டிகளில் வருவது உட்குழிவாக இரட்டையாக மடித்த நுனி. ஒன்றின் இருக்கையில் மற்றொன்று அடைபடாது. கசிவை நிறுத்த டெஃப்ளான் டேப் சுற்றுவதும் தவறு. இந்த இணைப்பில் அடைப்பது உலோகத்தோடு உலோகம் பொருந்தும் நுனி மட்டுமே, மரை அல்ல.

எஃகுப் பின்னல் ஹோஸ் போடலாமா?

போடலாம். உள்ளே டெஃப்ளான் குழாயும் வெளியே துருவேறா எஃகுக் கம்பிப் பின்னலும் கொண்ட இந்த ஹோஸ்கள் அழுத்தத்தில் குறைவாகவே உப்புகின்றன. பெடல் சற்றுக் கெட்டியாக உணரப்படும். கேட்ட நீளத்தில் செய்துதருவோர் இருப்பதால், பாதையை மாற்றிய வண்டிக்கு வசதியும்கூட. ஆனால் மேலுறை இல்லாத பின்னல் அரம் போல் வேலை செய்யும்: ரப்பர் ஹோஸ் உரசினால் ஹோஸ் தேயும், பின்னல் ஹோஸ் உரசினால் அது தொடும் பாகத்தையே அறுக்கும். பிளாஸ்டிக் மேலுறை உள்ளதையே தேர்ந்தெடுங்கள். டெஃப்ளான் குழாய் சிறிய ஆரத்தில் மடிந்தால் நெளிந்து அந்த நெளிவிலேயே நின்றுவிடும். ஆகையால் முனைகளுக்கு அருகே கூர்வளைவு வராதபடி பார்ப்பது ரப்பர் ஹோஸைவிட இதில் முக்கியம்.

ஹோஸை ஷாக் அப்சார்பரோடு கேபிள் டையால் கட்டிவிட்டால் உரசாதல்லவா?

கட்டாதீர்கள். டை இருக்கும் இடத்தில் ஹோஸ் அசைய முடியாமல் நிற்க, அதன் இருபுறமும் அசைவு குவியும். டை விளிம்பு ரப்பரை வெட்டும். நடுவில் தாங்கல் தேவைப்பட்டால், நடுவிலேயே ரப்பர் தடிப்போ உலோகப் பிடிப்போ வைத்துத் தயாரான ஹோஸை வாங்கி, அந்தப் பிடிப்பை ஸ்பிண்டிலோடு பொருத்துங்கள்.

பொருத்தும்போது எந்த வரிசையில் இறுக்க வேண்டும்?

முதலில் சுழன்று ஏற வேண்டிய முனையை, அதாவது காலிப்பர் அல்லது சக்கர சிலிண்டர் பக்கத்து முனையை இறுக்குங்கள். அந்த வகை முனையில் செம்பு வாஷர் இருந்தால் புதியதையே போட வேண்டும். பிறகு சக்கரத்தை நேராக்கி, வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஹோஸ் தானாக விழும் நிலையில் மேல்முனையைப் பிராக்கெட்டில் நுழைத்துக் கிளிப்பைத் தட்டுங்கள். கடைசியாக, ஹோஸின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பைப் நட்டை மற்றொன்றால் இறுக்க வேண்டும். பைப் நட்டுக்குப் பொதுவாக 11 மி.மீ.; ஐந்து பக்கங்களைப் பிடிக்கும் பைப் ஸ்பேனரைப் பயன்படுத்தினால் மூலைகள் மழுங்காது.

பல ஹோஸ்களின் நெடுகிலும் ஒரு கோடோ எழுத்து வரியோ அச்சிட்டிருக்கும். அது ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராக ஓடினால் முறுக்கு இல்லை. திருகாணி மரை போல் சுற்றியிருந்தால் மேல்முனையைக் கழற்றித் திருத்த வேண்டும்.

பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிகிறது. அதையே திரும்பப் போடலாமா?

வேண்டாம். ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி வாயடைந்து போவதுண்டு: மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பாது, அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டு சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பைப்பை ஏற்கெனவே கழற்றிவிட்ட நிலையில் புதிய ஹோஸுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. போடும்போது இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலும் காற்றெடுத்தலும் எப்படி?

இணைப்பைக் கழற்றும் முன் பிரேக் பெடலைச் சிறிது அமுக்கி, ஒரு கட்டையால் அந்த நிலையிலேயே நிறுத்திவையுங்கள். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறு துளைகளை பிஸ்டன் மூடிக்கொள்வதால் தொட்டி முழுவதும் வடிந்துவிடாது. ஹோஸை இடுக்கியால் நெரித்து அடைக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், புதிய ஹோஸுக்கு அதைச் செய்யவே கூடாது.

டாட் 4 ஆயில் இந்த வண்டிக்குப் போதுமானது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 பாகை வரை இறங்கலாம் என்று தரவரையறை அனுமதிக்கிறது. சிலிக்கோன் வகையான டாட் 5 ஆயிலை இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் நெருக்கமாக இருந்தாலும் வேறு குடும்பம். அது டாட் 4 உடன் சேரும். எதுவாயினும் வர்ணத்தில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பைப்புகளுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம்: இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில் வலப் பின், இடப் பின், வலது முன், இடது முன் என்ற வரிசை, வலப்பக்க ஸ்டியரிங்கானால் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள். பெடலைத் தரைவரை மிதிக்க விடாமல் அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழப் பகுதியில் துரு படிந்திருக்கும். அங்கே ரப்பர் சீல் சென்றால் கிழிந்து, நேற்றுவரை வேலை செய்த சிலிண்டர் இன்று பிடிக்காமல் போகும்.

ஸ்பிளிட் ஸ்கிரீன் வண்டிக்கு இதே முறைதானா?

கொள்கை ஒன்றே, பாகங்கள் வேறு. அதில் பால் ஜாயின்டுக்குப் பதிலாக கிங் பின் எனும் செங்குத்தான முளை இருப்பதால் திரும்பும் அச்சு அந்தப் பின்னின் மையம். முன்னும் டிரம் பிரேக்தான். ஹோஸ் டிரம்மின் பின்தகட்டில் உள்ள சக்கர சிலிண்டருக்குச் செல்கிறது. பே விண்டோவிலும் 1970 ஆகஸ்டு வரை முன்பக்கம் டிரம்மே இருந்தது. ஸ்பிளிட் ஸ்கிரீன் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைச் சுற்று பிரேக் என்பதால், ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அத்தகைய வண்டியைத் தாழ்த்துபவர் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதையும் அதே செலவில் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பேன்.

பிறகு சக்கரத்தை மட்டும் மாற்றினால் மறுபடியும் பார்க்க வேண்டுமா?

ஆம். தொழிற்சாலைச் சக்கரத்தைவிட அகலமான சக்கரம் போட்டால், கூடுதல் அகலத்தில் ஒரு பகுதி உட்பக்கம் வரும். ஆஃப்செட் அளவு (சக்கரம் வண்டியில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறம் விலகிய தூரம்) ஒவ்வொரு மி.மீ. கூடும்போதும் சக்கரம் அதே அளவு உள்ளே தள்ளப்படுகிறது. நீங்கள் விட்டுவைத்த 20 மி.மீ. இவ்விரண்டாலும் சத்தமில்லாமல் கரைந்துவிடக்கூடும்.

வாகனச் சோதனையில் இதைப் பார்ப்பார்களா?

பிரிட்டனின் எம்ஓடி சோதனையில் ஹோஸ் உரசியிருப்பது, முறுக்கியிருப்பது, இழுபட்டிருப்பது, அழுத்தத்தில் உப்புவது ஆகியவை குறைகளாகக் குறிக்கப்படும். 2018 மே முதல் அங்கே 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆயினும் சாலையில் ஓடத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரை விட்டு நீங்குவதில்லை, விரும்பினால் தாமாகவே சோதனைக்குக் கொண்டுசெல்லலாம். பீமை வெட்டி மாற்றிய வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பேன்: அடியில் படுத்துப் பழகிய வேறொருவரின் கண் அங்கே கிடைக்கிறது. ஜெர்மனியில் தாழ்த்திய சஸ்பென்ஷனைப் பரிசோதகர் பார்த்து வண்டி ஆவணத்தில் பதிய வேண்டும். பின்னல் ஹோஸ் வாங்கும்போது அதற்கான ஒப்புதல் சான்று கூடவே வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

வண்டி நின்றபடியே ஒருவர் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிகிறது. அதன்பின் மிதித்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் ஒடித்து, ஹோஸின் வளைவு மாறுவதைப் பாருங்கள். அழுத்தம் ஏறிய ஹோஸ் சற்று நிமிர முயலும் என்பதால், அழுத்தமில்லாமல் எடுத்த இடைவெளி இப்போது குறைந்திருக்கலாம்.

முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். ஹோஸ்களின் மேல் மீண்டும் சாக்குக்கட்டியைத் தடவிவிட்டு ஓட்டுங்கள்; ஒரு வேகத்தடையிலாவது ஏற்றி இறக்கி, இரு பக்கமும் முழு ஒடிப்பில் திருப்புங்கள். திரும்பி வந்ததும் தடம் அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் சில நூறு கி.மீ. ஓடியதும், சஸ்பென்ஷன் படிந்து உயரம் இன்னும் சிறிது இறங்கியிருக்கக்கூடும் என்பதால், சக்கரத்தைக் கழற்றாமல் ஒன்பது நிலைகளையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, கிளிப்புகள் இடம் விலகியிருந்தால் தட்டி அமர்த்துங்கள்.